கோசோங் என்று ஒரு பெயர்

என் கணவர் எனக்கு வைத்த பட்டப்பெயர் கோசோங். மலாயில் பூஜ்யம். சீனி போடாத தேநீருக்கும் அந்தச் சொல்தான்.

பெயர் பிறந்தது கிளினிக்கில். மனச்சோர்வு வந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையிலிருந்து விடுப்பில் இருந்தேன். நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம், கேள்விப் படிவம், கொடுத்தார்கள். காலையில் எழுந்து குளிக்க முடியும் என்று எவ்வளவு உறுதி? மோசமான நாளைச் சமாளிக்க? உதவி கேட்க? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். மாத்திரையால் என் கை நடுங்கியது. கூட வந்திருந்த கணவர் பேனாவைப் பிடுங்கினார்.

"இவளால என்னா முடியும்? எல்லாம் கோசோங் லா."

வரிசையாக வட்டம் போட்டார். முதல் கேள்விக்கு நான் மூன்று என்று நினைத்து வைத்திருந்தேன். அன்று குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

நான் வேலையை விட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தப் பூஜ்யங்கள் அவருக்குச் சாட்சியாகிவிட்டன. டாக்டர் விடுப்பை நீட்டினார். சுங்கை பினாங் அடுக்குமாடியில் பக்கத்து வீடுவரை கேட்கும்படி கூப்பிடுவார்: "கோசோங், சாப்பாடு ஆச்சா?" எனக்கு எரியும். சோர்ந்து கிடந்தவளுக்குக் கோபப்பட மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்தது. அதை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை போனபோது தாதி இரண்டு பாரங்களை நீட்டினார்.

"அண்ணே, இது ஒங்களுக்கு. அக்காவப் பாத்துக்க ஒங்களால எவ்ளோ முடியும்னு போடுங்க."

அவர் சட்டைப் பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடி காரில் இருந்தது.

"நீயே படிச்சு எழுது."

கூடம் நிறைய ஆட்கள். உரக்கப் படித்தேன். "நோயாளி அழும்போது திட்டாமல் பக்கத்தில் உட்கார முடியும். எத்தனை போடட்டும்?"

"மெதுவா படி லா. எட்டு போடு."

"போன செவ்வாக்கெழம நான் அழுதப்ப டிவி சத்தத்தக் கூட்டுனீங்களே, அதையும் சேத்தா எட்டு?"

முன்வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"கோசோங் போடவா?"

நிதானமாக, நல்ல உருண்டையாக வட்டம் போட்டேன். நான்கு கேள்விகள், நான்கு வட்டங்கள். கை நடுங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வேலைக்கு லீவு போட்டு என்னை அங்கே கூட்டிவந்தவர் அவர்தான். ஒரு கேள்விக்காவது இரண்டு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பழி வாங்கத்தான் உட்கார்ந்திருந்தேன், வாங்கினேன், இன்றைக்கும் அதில் வெட்கமில்லை.

என் பாரத்தை நானே எழுதினேன். மூன்று, நான்கு, இரண்டு. டாக்டர் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வேலைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை கீழே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. அவர் கைலியோடு எழுந்து வந்தார்.

"பசியாற என்னா இருக்கு?"

"கோசோங்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.