ஒரு டிசி, இரண்டு கல்லூரி

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். என் டிசியை இன்றுவரை போய் வாங்கவில்லை. அது இல்லாமலேயே சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்தேன், மாடி வீடு கட்டினேன், கேரளாவுக்கு லாரி விட்டேன். ஒரு வாழைத்தாரைத் தட்டிப் பார்த்து, எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவேன். சொன்ன நாளில் பழுக்கும். விவசாய அதிகாரிகளே வந்து என்னிடம் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்ட என்னை ஒரே ஒரு தாளைக் காட்டிக் குழப்பிவிட்டாள் என் மகள் வயிற்றுப் பேத்தி.

பிளஸ் டூ முடித்தவளுக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இடம் கிடைத்தது. மண்டியில் சுமை தூக்குகிறவர்கள் வரைக்கும் லட்டு கொடுத்தேன். கொடுத்து முடித்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு தாளை நீட்டுகிறாள். முதல் இரண்டு வருடம் பாடமெல்லாம் தேனி போகிற வழியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் நடக்குமாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமாம். மூன்றாம் வருடத்திலிருந்து முழுக்க அங்கே. ஆனால் முதல் நாளிலிருந்தே அவள் பெயர் இரண்டு இடத்திலும் இருக்குமாம்.

"அப்ப நீ எந்தக் காலேஜுப் பிள்ள ஆத்தா?"

"ரெண்டும்தான் தாத்தா."

"ரெண்டுல எது நெசம்?"

"ரெண்டும் நெசந்தான்."

நான் விடுகிற ஆளா? யோசித்துப் பிடித்துவிட்டேன். "இப்பப் புரிஞ்சுபோச்சு. நம்ம லாரிக்கு ஆர்.சி. இங்கன, பர்மிட்டு கேரளாவுக்கு. அது மாதிரி."

"பாதி சரி தாத்தா."

"மிச்சப் பாதி?"

"இங்க லாரி ரெண்டு ஊர்லயும் பதிஞ்சிருக்கு."

"அப்படிப் பதிஞ்சா பிடிச்சு உள்ள வச்சுருவானே!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தவன். கல்யாணமான புதிதில் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு ரேஷன் கார்டு, இங்கே ஒரு ரேஷன் கார்டு. அந்தக் காலத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருந்தோம். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நின்றேன். ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை விடுவார்கள் என்று பார்த்தால், இரண்டிலும் என் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த ஆறு மாதம் நான் எந்த ஊர்க்காரன் என்று எனக்கே தெரியாது. இந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகிவிட்டால்?

அதனால் அவளுடைய டிசியை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எது உண்மையான கல்லூரி என்று தெரிகிற வரைக்கும் தருவதில்லை. ஒருவருக்கு ஒரு டிசிதான் கொடுக்கிறார்கள். அது ஏன் என்று யாராவது யோசித்தார்களா?

சமுதாயக் கல்லூரியில் சேரக் கடைசி நாள் வந்துவிட்டது. மாலை நாலு மணிக்குள் அசல் டிசியைக் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும் என்றார்கள். என் மகள் காலையிலிருந்து கெஞ்சினாள். "அப்பா, நீங்க வாழத்தாரப் பாருங்க. பிள்ள படிப்ப அவ பாத்துக்குவா."

பேத்தி கெஞ்சவில்லை. "நீங்க வாங்காம விட்ட டிசிக்கும் சேத்து என்னோடதப் பிடிச்சு வச்சிருக்கீகளா தாத்தா?" என்றாள்.

சுருக்கென்றது. இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "கெளம்பு. நானே வந்து பேசிக்கிறேன்" என்றேன்.

கல்லூரி ஆபீசில் அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நேராக விஷயத்துக்கு வந்தேன். "பல்கலைக்கழகத்துல பேரு இருக்கட்டும். இங்கன உள்ளத எடுத்துருங்க."

"ஐயா, நல்லாத் தெரிஞ்சுதான் கேக்கிறீகளா?"

"நான் தெரியாம ஒரு காரியம் செய்யிறதில்லம்மா."

அந்த அம்மா ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். நான் அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்கும். "பிள்ள கையெழுத்தும் வேணும், கூப்பிடுங்க" என்றார்.

பேத்தி வந்து படிவத்தின் தலைப்பைப் படித்தாள். ஒதுக்கிய இடம் ரத்து. என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவிடம் கேட்டாள்: "இங்க பேர எடுத்தா, அங்க இருக்குமா மேடம்?"

"எப்படிம்மா இருக்கும்? ரெண்டும் சேந்துதான் ஒனக்கு ஒரு சீட்டு. ஒண்ணுல எடுத்தா ரெண்டுலயும் போயிரும்."

எனக்குத் தலை சுற்றியது. ரேஷன் கார்டில் இரண்டு இடத்திலும் இருந்ததால் அடித்தார்கள். இங்கே ஒரே இடத்தில் இருந்தால் அடிப்பார்களாம். ஒரே நாட்டில் இது எப்படி? "அதெப்படிம்மா?" என்று நான் தொடங்குவதற்குள், பேத்தி கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்து டிசியை உருவினாள். என் பையில் கை வைத்த ஆள் சின்னமனூரில் இதுவரை கிடையாது. சுவர்க் கடிகாரத்தில் நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மடிப்பை நீவிவிட்டு மேசையில் வைத்தாள். நான் கையெழுத்துப் போட்ட தாளை அந்த அம்மா நாலாகக் கிழித்தார். நான் தடுக்கவில்லை.

பிறகு சேர்க்கைப் படிவம் வந்தது. இந்தக் கல்லூரிக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. இரண்டிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இரண்டாவதில் கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

"இதுல எது செல்லும்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் செல்லும் தாத்தா" என்றாள் பேத்தி. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் மண்டியில் எதிர்க்கடைக்காரர் கேட்டார். "என்னண்ணே, லட்டெல்லாம் குடுத்தீக. பேத்தி கடைசியில எந்தக் காலேஜு?"

"ரெண்டு காலேஜு" என்றேன். "ஒம் மகனுக்கு ஒண்ணுதான கெடச்சிருக்கு?"

"அதெப்படிண்ணே ஒரு ஆளு ரெண்டு காலேஜுல?"

"அதெல்லாம் சொன்னா ஒனக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த தாரைத் தட்டிப் பார்த்தேன். நாலு நாளில் பழுக்கும். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.