நாற்பத்தைந்து நிமிடம் என்று சொல்லிவிட்டேன்

ரேணிகுண்டா விமான நிலையத்தில் கவுன்ட்டர் வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது. போனில் ஒருவர் கேட்டார்.

"நகரியிலர்ந்து முனிரத்தினம் பேசறேன் சார். விஜயவாடா எம்மா தூரம்? பிளைட்டுல எம்மா நேரம் ஆவும்?"

"வான்வழியா முந்நூத்தம்பது கிலோமீட்டர் இருக்கும். நாப்பத்தஞ்சு நிமிஷம் சார்" என்று ஒப்பித்தேன்.

"அது போதும். ரயில்ல எடமே இல்ல, நாளைக்கு இதுலயே பூட்றோம்."

நான் சொன்னது ஏர் டைம், அதாவது விமானம் காற்றில் இருக்கும் நேரம். இங்கே கதவு மூடி நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை பிளாக் டைம். டைம்டேபிளில் அது ஒரு மணி நேரம்.

மறுநாள் காலை முனிரத்தினம் மகள் ரேவதியோடு வந்தார். தறி வைத்திருப்பவர். மகள் கையில் ஒரு ஃபைல், வேறு பை கிடையாது.

"எட்டு அம்பதுக்குக் கெளம்பினா ஒம்போது முப்பத்தஞ்சுக்கு எறங்கிடுவோம். பத்தரைக்கு ஆபீஸ்ல இருக்கணும். பாப்பாவுக்கு நர்ஸ் வேலை, சர்டிபிகேட் பாக்கறாங்க. லேட்டா போனா வேற ஆளக் கூப்பிட்டுடுவாங்களாம்" என்றார்.

டிக்கெட்டில் ஒன்பது ஐம்பது என்றுதான் இருந்தது. அவர் என் வாயை நம்பியிருந்தார். அங்கே இறங்கி ஊருக்குள் போக இன்னும் நாற்பது நிமிடம். விமானத்திலிருந்து வெளியே வரும் நேரத்தையும் சேர்த்தால் பத்தரை தாண்டிவிடும்.

"சார், தப்பு என்னுது" என்று விவரத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ரேவதிதான் கேட்டாள்: "இப்ப இன்னா பண்ணலாம் சார்?"

அது ஏடிஆர் என்ற சிறிய விமானம்; அதில் பயணிகள் இறங்கும் கதவு பின்பக்கம். இருவருக்கும் கடைசி வரிசை கொடுத்தேன். விஜயவாடா கவுன்ட்டருக்குப் போன் போட்டு, வாசலில் ஒரு டாக்சி நிற்கவைக்கச் சொன்னேன். விமானத்தின் எடைக் கணக்கான லோட் ஷீட்டோடு ஓடி கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சென்னைக்காரர்.

"வானத்துல மிச்சம் பிடிக்க ரெண்டு நிமிஷம்கூடத் தேறாதுப்பா. தரையில பிடி. எல்லாரும் ஏறிட்டா பத்து நிமிஷம் முன்னாடியே கெளம்ப பர்மிஷன் கேக்கறேன்."

எல்லாரும் ஏறிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. திருமலையில் மொட்டை போட்டு வந்த ஒரு பெரியவரை செக்யூரிட்டியில் நிறுத்திவைத்திருந்தார்கள். அடையாள அட்டையில் அவருக்குச் சுருள்முடி, கட்டை மீசை. மழித்த தலையில் சந்தனத்தோடு, "நேனே பாபு, நேனே!" என்று, அது தான்தான் எனத் தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்துவிட்ட அவர் மனைவியை இறக்கிக் கூட்டிவந்தேன். அந்த அம்மா தன் அடையாள அட்டையை நீட்டி, கணவர் பெயரைத் தொட்டுக் காட்டினார். காவலர் சிரித்தபடி அவரை உள்ளே விட்டார்.

எட்டு முப்பத்தொன்பதுக்குக் கதவு மூடியது.

அதன்பின் என்னால் வேலையே பார்க்க முடியவில்லை. பத்தே முக்காலுக்கு முனிரத்தினம் போனில் கூப்பிட்டார்.

"பத்து இருவதுக்கே பாப்பா உள்ள பூட்டா சார்! வெளிய நின்னுக்கினு இட்லி துன்னுக்கினுக்கிறேன்."

ரேவதிக்கு அந்த வேலை கிடைத்தது.

இருபத்தாறு வருடம் கவுன்ட்டரில் இருந்தேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும், "எங்க போவணும், எத்தன மணிக்கு அங்க இருக்கணும்?" என்று முதலில் நான் கேட்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, நீங்களும் அப்படிக் கேளுங்கள். விமானம் இறங்கும் இடத்தோடு யாருடைய பயணமும் முடிவதில்லை.