அத்தையின் கடிதத்துக்கு நான் எழுதிய முடிவுரை

போன வாரம் என் மகள் தன் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். ஒரு கருத்தை எழுத்தில் எப்படி அடுக்குவது, எப்படி வளர்ப்பது என்று ஒரு பக்கம். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லலாமாம். காரணத்தைச் சொல்லி விளைவுக்குப் போகலாமாம். இரண்டை ஒப்பிடலாம், பிரச்சினையைச் சொல்லித் தீர்வு தரலாம், முக்கியமானதைக் கடைசியில் வைத்து அசத்தலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஓர் அம்புக்குறி.

"நீ எழுதறப்ப இதுல எதுப்பா யூஸ் பண்ணுவ?" என்று கேட்டாள்.

அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துரை எழுதுவது நான்தான். அதனால் வீட்டில் எனக்கு எழுத்தாளன் என்று ஒரு பெயர் உண்டு. வேறு எங்கும் கிடையாது. "சமயத்துக்குத் தகுந்த மாதிரி" என்று கம்பீரமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்த அத்தனை வழிகளையும் ஒரே ஒரு இன்லேண்ட் லெட்டரில் பயன்படுத்தி, என் அத்தையின் தகரப் பெட்டியைக் களம்பூரிலிருந்து ஆரணிக்கு பஸ் ஏற வைத்தவன் நான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. 'நூலகத்தின் பயன்கள்' என்று நான் எழுதிய கட்டுரையைப் பள்ளிக்கூடத்தில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதை ஒட்டிய பசை காய்வதற்குள் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. முன்னுரை வேண்டும். உள்தலைப்புகள் வேண்டும். தலைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது. முடிவுரை இல்லாவிட்டால் இரண்டு மதிப்பெண் போய்விடும். இவை கட்டுரைக்கு மட்டுமான விதிகள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெருநாய் துரத்துகிறது என்று அம்மாவிடம் சொல்ல ஓடிவந்து, "நாய் நன்றியுள்ள பிராணி" என்று ஆரம்பித்தவன் நான்.

அத்தை என்பது அப்பாவின் தங்கை. களம்பூரில் ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலையில் இருந்த மாமாவுக்கு அவளைக் கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆனி மாதம் ஒரு மத்தியானம், கையில் ஒரு துணிப்பையோடு தனியாக ஆரணியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அந்த ரெண்டு நாள் ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது.

எங்கள் பக்கத்தில் அப்படி வந்துவிட்ட பெண் தானாகத் திரும்பிப் போக முடியாது. புருஷன் வந்து கூப்பிட வேண்டும். தானாகப் போனால் அவளுக்கும் மதிப்பில்லை, பிறந்த வீட்டுக்கும் மதிப்பில்லை. அந்தப் பக்கத்திலோ, சொல்லாமல் போனவளை எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது என்று மாமாவுக்கு ஒரு நியாயம். களம்பூருக்கும் ஆரணிக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பஸ் ஏறத்தான் ஆள் இல்லை.

அத்தை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அப்பாவின் தறிக்கு வேண்டிய பட்டு நூலைக் குழல் குழலாக ராட்டையில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அப்பா நெய்யும் வேகத்தைவிட அவள் சுற்றும் வேகம் அதிகம். கூடை நிரம்பி வழிந்தது. ஒருநாள் அப்பா கூடையைப் பார்த்து, "இந்த நூலுக்கு நான் நாலு தறி போடணும் போலகீது" என்றார். அத்தை சிரிக்கவில்லை.

ஆடி பிறந்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"டேய் கண்ணு, உங்க மாமாவுக்கு ஒரு லெட்டர் எழுதணும். எழுதித் தர்றியா? உங்கம்மாகிட்ட சொல்லாத."

அத்தைக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் இரண்டாம் வகுப்பு கைகொடுக்கவில்லை. மாமாவும் அதே கட்சிதான். கடிதம் போனால் மில் கணக்குப்பிள்ளைதான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நான் பேனாவைத் திறந்தேன். அத்தை ராட்டையைச் சுற்றியபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

"எழுது. நாங்க எல்லாம் நல்லா கீறோம். அங்க சொகமா. செவப்பு கோழிய பதினோரு முட்ட வெச்சி அடையில ஒக்கார வெச்சிட்டு வந்தேன், எத்தினி பொரிஞ்சிச்சின்னு தெரில. இங்க மழ இல்ல. அண்ணன் தறியில பச்ச சீல ஓடிகினு கீது. வர்ற மூணாவது ஞாயித்துக்கெழம நம்ம தெருவுல கூழு ஊத்தறாங்க. கருவாட்டு கொழம்பு கீது. போன வருசம் ரெண்டு தபா கேட்டு வாங்கி சாப்ட்டீங்க. அப்பால கொல்லையில பீர்க்கங்கொடி பந்தல் சாஞ்சி கெடந்துச்சி, அதுக்கு ஒரு முட்டு குடுங்க..."

எனக்குத் தலை சுற்றியது. கோழியிலிருந்து மழை, மழையிலிருந்து சேலை, சேலையிலிருந்து கருவாடு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் எந்த உறவும் இல்லை.

"அத்த, இதுல மையக்கருத்து இன்னா?" என்று கேட்டேன்.

"இன்னாது?"

"எதுக்கு இந்த லெட்டர எழுதறோம்?"

ராட்டை நின்றது. அத்தை நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொம்மாதான்" என்றாள்.

"நீ ஏன் வந்துட்டன்னு காரணம் வேணும்ல? காரணம் இல்லாம விளைவு எப்பிடி வரும்?"

"அதெல்லாம் எழுதாதடா. நான் சொன்னத மட்டும் எழுது, போதும்."

அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "ஜல்தியா எழுதி ஒட்டிப் போட்டுட்டு வந்துடு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு கடிதத்தோடு என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போவது எவ்வளவு ஆபத்து என்று பாவம் அவளுக்குத் தெரியாது.

நான் வேலையில் இறங்கினேன். முதலில் கோழியை வெட்டினேன். அது 'வீட்டு விலங்குகள்' என்ற தலைப்பில் வர வேண்டியது. மழை வேண்டாம். கூழ் ஊற்றுவது 'எங்கள் ஊர்த் திருவிழா'. அது ஒரு முழுக் கட்டுரைக்கான பொருள். கருவாட்டுக் குழம்பு எந்தக் கட்டுரையிலும் வரக் கூடாது. இப்படியே கழித்துக்கொண்டு போனதில் கடைசியில் மிஞ்சியது 'நாங்க எல்லாம் நல்லா கீறோம்' என்ற ஒரு வரி. அதுவும் உண்மை இல்லை.

ஆக, பொருளை நானே தேட வேண்டியதாயிற்று. காரணம் எனக்குத் தெரியும். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சுவரோரம் நின்று சொன்னதைக் கேட்டிருந்தேன். நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை, மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று மாமாவின் அம்மா யாரிடமோ அத்தையின் காதுபடவே பேசினாராம். இதை வெளியே சொல்லக் கூடாது என்று அத்தை அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மா அதே சத்தியத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். என்னிடம் யாரும் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை.

அந்த இன்லேண்ட் லெட்டர் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தலையில் ஒரு கட்டம் போட்டு உள்தலைப்புகளை வரிசையாக எழுதினேன். முன்னுரையில், மனித வாழ்வில் இல்லறம் இன்றியமையாதது என்று ஆரம்பித்தேன். காரணங்கள் என்ற தலைப்பின் கீழே மாமாவின் அம்மா சொன்னதை எழுதி, 'இதன் விளைவாக' என்று போட்டு, அத்தை வந்ததைச் சொன்னேன். ஒப்பீடு வேண்டுமே என்று, எங்கள் தெருவில் ஒருவர் வாரம் தவறாமல் மனைவிக்குப் பூ வாங்கி வருவதையும், தாங்களோ நெல் உமியுடன் வீடு திரும்புவதையும் எடுத்துக்காட்டினேன். தீர்வு: தாங்கள் திருந்த வேண்டும், அல்லது அத்தையின் பெட்டியை அனுப்பிவைக்க வேண்டும். கடைசியில் முடிவுரை. 'மேற்கூறியவற்றால் இவ்வில்லறம் நீடிக்காது என்பது உள்ளங்கை நெல்லிக்கனி போல் விளங்கும்.' அந்த வரியை எழுதியதும் எனக்கே சிலிர்த்தது. எச்சில் தொட்டு ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் இருந்தேன். மத்தியானம் மாமா வந்தார். தோளில் நீலத் தகரப் பெட்டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். பெட்டியை நடையில் இறக்கி வைத்தார். தறிச் சத்தம் நின்றது. அப்பா எழுந்து வந்து, "வாங்க மாப்ள, உள்ள வாங்க" என்றார்.

மாமா உள்ளே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"மச்சான், இத ஒரு தபா படிங்க. மில்லுல கணக்குப்பிள்ள படிச்சாரு. பாய்லராண்ட பத்து பேரு நின்னுகினு இருந்தாங்க. நான் கேட்டது சரியான்னு எனக்குத் தெரியணும்."

அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். முன்னுரையைப் படித்தபோது கையில் நூல் குழலோடு அத்தை கதவோரம் வந்து நின்றாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு, நல்ல இடம் வரட்டும் என்று காத்திருந்தேன். 'காரணங்கள்' வந்தது. அப்பாவின் குரல் இறங்கி இறங்கி ஒரு வார்த்தையில் நின்றே போனது. அம்மா சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். எழுதியவன் நான், கூட்டம் கலைகிறதே என்று வருத்தப்பட்டேன்.

"பெட்டிய அனுப்புன்னு கீதில்ல?" என்றார் மாமா. "கொண்டாந்துட்டேன்."

"நான் பெட்டி கேக்கல" என்றாள் அத்தை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். "இதுல ஒண்ணுகூட நான் சொல்லல."

"அப்ப எங்கம்மா சொன்னது? அதுவும் பொய்யா?"

அத்தை கையிலிருந்த குழலை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம், "அது நெசந்தான்" என்றாள்.

மாமா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார். "ஒரே வூட்லதான கீறோம். எங்கிட்ட சொல்லக் கூடாதா? இத நான் பத்து பேருக்கு நடுவுல நின்னா கேக்கணும்?"

"சொல்லணும்னுதான் தெனம் வருவேன்" என்றாள் அத்தை. "நீங்க ஒடம்பெல்லாம் நெல்லு தூசியா வந்து சாஞ்சிருவீங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. கோழி முட்டயப் பத்தி பேசிட்டு படுத்துருவேன்."

ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்த மாணவன் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பான்?

"முன்னுரையிலருந்து ஆரம்பிக்கலாம் அத்த" என்றேன்.

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. அதற்குப் பிறகு வந்த விமர்சனங்கள் எதிலும் அவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

மாமா ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. வா என்றும் கூப்பிடவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை ராட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், சுற்றவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பத்து நாள் கழித்து மாமா மறுபடி வந்தார். இந்தத் தடவை அவருடைய பெட்டியோடு. எங்கள் தெருக்கோடியில் ஒற்றை அறை வீடு ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். தினமும் காலை பஸ்ஸில் மில்லுக்குப் போய் வருவதாக ஏற்பாடு. அத்தையின் நீலப் பெட்டி நாலு வீடு தள்ளிப் போய்ச் சேர்ந்தது. மாமாவின் அம்மா அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மில்லில் மாமாவுக்கு 'முடிவுரை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "இன்னா முடிவுரை, வூட்ல சொகமா?" என்று பஸ்ஸில்கூடக் கேட்பார்கள். அவர் சொகம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அத்தை எழுதச் சொன்ன கடிதத்திலும் ஒரு வரிசை இருந்தது என்பது எனக்கே கல்யாணம் ஆகி, என் மனைவியும் நானும் மூன்று நாள் காய்கறி விலையை மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒரு சமயத்தில்தான் உறைத்தது. முட்டையை அடை வைத்துவிட்டு வந்தவள் திரும்பி வரும் எண்ணத்தோடு வந்தவள். பந்தலுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னவள் அந்தப் பீர்க்கங்காயைத் தானே பறிக்கப் போகிறவள். இரண்டுக்கும் நடுவில், கணக்குப்பிள்ளை சத்தமாகப் படித்தாலும் பத்து பேருக்கு ஒன்றும் தெரியாதபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர்த் திருவிழாவுக்கு வரும் மாப்பிள்ளையை ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். போகும்போது பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாம். கூப்பிட்டது யார், வந்தது யார் என்ற கேள்வியே எழாது. ஒரே ஒரு ஆள் புரிந்துகொள்வதற்காக அடுக்கப்பட்டது அது. நான் அதைப் பத்து பேருக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்தேன்.

அப்போது இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பிரிந்திருந்த இருவரைச் சேர்த்து வைத்தது என் கடிதம்தான் என்று வகுப்பில் நான் சொல்லாத ஆள் இல்லை. அத்தை அதை மறுக்கவும் இல்லை, ஆமென்று சொல்லவும் இல்லை. வழக்கம்போல் வீட்டுக்கு வருவாள், எனக்குப் பொரி உருண்டை கொண்டுவருவாள். ஆனால் அவளும் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். அத்தை நூலை எடுத்துக்கொண்டு குனிந்துகொள்வாள். எழுதத் தெரிந்தவனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன்.