ஒரு வாஷர் குறைவு

எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. பெங்களூரில் மோட்டார் மெக்கானிக்காக இருந்த சித்தப்பா, மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்காமல், ஒரு கன்னடக்காரப் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டார். அதில் அப்பாவுக்குக் கோபம். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதில் அதைவிடப் பெரிய கோபம்.

ஆனால் கோபத்தை வைத்து டாக்சி ஓட்ட முடியாது. அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, ஓசூரில் அப்பா ஓட்டிக்கொண்டிருந்தது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய கார். அதன் டைனமோவுக்குக் கிழடு தட்டிவிட்டது. இருட்டினால் சூளகிரி மேட்டில் விளக்கு மங்கும். சவாரிக்காரர்கள் அவரவர் சாமியைக் கூப்பிடுவார்கள். இரவுச் சவாரி நின்றே போயிற்று.

அம்மாதான் அப்பாவுக்குத் தெரியாமல் சித்தப்பாவுக்குக் கடுதாசி போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்த நேரம், சித்தப்பா கோணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பைக்குள், டைனமோவுக்குப் பதிலாக மாட்ட, மிலிட்டரி வண்டியில் கழற்றிய ஆல்டர்னேட்டர். அந்தப் பெயரையே எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. அப்பா அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு நின்றார்.

ஒன்பது வயதுக்காரியான நான் நடுவில் நின்றேன். இருவருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. ஆனாலும் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது.

“பாப்பா, புல்லி உள்ள தள்ளி நிக்குது, பெல்ட்டு கோணலா ஓடும்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”

“எனக்கும் கண்ணு இருக்குதுன்னு சொல்லு.”

ஒரு சொல் விடாமல் சொன்னேன். பெரிய மனுஷி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

என்ஜின் புல்லி, ஃபேன் புல்லி, ஆல்டர்னேட்டரின் புல்லி, பெல்ட் சுற்றும் இந்தச் சக்கரங்கள் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கும் நூல்கயிற்றை அப்பா ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் சித்தப்பா இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தார். புல்லிக்குப் பின்னால் தடித்த வாஷர்களைச் சித்தப்பாவே மாற்றி மாற்றி வைத்து எடுத்ததில் கணக்குச் சரியாக வந்தது; எத்தனை என்பது அவருக்குத்தான் தெரியும். அப்பா ஸ்பானர் எடுக்க உள்ளே போனார். சித்தப்பா குளிக்கக் கிளம்பினார்.

“ரெண்டு வாஷர் வச்சி முடுக்கச் சொல்லு பாப்பா. சாயந்திரம் பஸ்ஸுக்கு நான் கெளம்பிருவேன்.”

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைக் கெடுத்தது. வேலை முடிந்தால் போய்விடுவார். முடியாவிட்டால் இன்னும் ஒரு நாள் இருப்பார். ஒரு நாள் இருந்தால் பேசிவிடுவார்கள். எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. திரும்பி வந்த அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

“ஒண்ணு போடணுமாம்” என்றேன்.

அப்பா ஒன்றையே போட்டு முடுக்கினார். மறுபடி கயிறு பிடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். தம்பியைக் கூப்பிட வேண்டும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர், கண்ணாலேயே மட்டம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து யாருடைய லாரியிலோ வந்து இறங்கினார். கையில் அறுந்த பெல்ட். பத்தலப்பள்ளி தாண்டியதும் தண்ணீர் கொதித்து வண்டி நின்றுவிட்டதாம். நேராகச் சித்தப்பாவிடம் போனார்.

“எத்தன வாஷர்டா சொன்ன?”

இரண்டு வருடத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு. சந்தோஷப்பட எனக்கு நேரமில்லை. சித்தப்பா பெல்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஒண்ணுதாண்ணா சொன்னேன். என் தப்புதான்.”

“இதத்தான் பெங்களூர்ல கத்துக்கிட்டயா?” என்று அப்பா பிடித்துக்கொண்டார். வாஷரில் ஆரம்பித்தது கல்யாணத்துக்கு வந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடா? நான் என்ன செத்தா பூட்டேன்?” என்றபோது அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. சித்தப்பா தலையைக் குனிந்து அவ்வளவையும் கேட்டுக்கொண்டார். அம்மா சத்தம் காட்டாமல் உள்ளே போய், ஒரு ஆளுக்குச் சேர்த்துக் களி கிண்டினாள்.

வேலை தெரியாதவன் என்ற பெயரைச் சித்தப்பா தலையில் போட்டுக்கொண்டது என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் என்று நெடுநாள் நம்பி, அவரிடம் நன்றியோடு இருந்தேன். அண்ணன் வாயால் அந்தத் திட்டை வாங்குவதற்காக அவர் இரண்டு வருடமாகக் காத்திருந்தார் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?