பழுப்பு வால்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது வெண்டெலுக்கு நிஜமாகவே நடந்தது. கூட்டிச் சொல்ல இதில் அவனுக்குப் பெருமை ஒன்றுமில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் சொன்னான்.

அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரை. துறைமுக வாயிலில், அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் பாறைச்சுவர். நவம்பர் மாதப் பிற்பகல், நல்ல மூடுபனி. ஈயத்தலைத் தூண்டிலில் இரைக்குப் பதிலாக வெள்ளை ரப்பர் வாலைக் கோத்து, பாறையை ஒட்டாமல் நடுநீரில் இழுத்துக்கொண்டிருந்தான் வெண்டெல். லிங்காட் மீன் பாய்ந்து பாய்ந்து கடித்தது.

அந்தச் சுவரில் ஒரு வழக்கம். எந்த வாலுக்கு மீன் கடிக்கிறது என்று யார் கேட்டாலும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வெண்டெல் அதில் மகா கெட்டிக்காரன்.

“என்ன வால்ப்பா போடுற?”

பக்கத்துப் பாறையில் ஓர் ஆரஞ்சுத் தொப்பிக்காரன். எப்போது வந்தான்? காலடிச் சத்தமே கேட்கவில்லை.

வெண்டெல் தூண்டிலைக் கைக்குள் மறைத்தான். “பழுப்பு. நண்டு மாதிரி இருக்குமே, அது. பாறைப் பொந்துக்குள்ள அடிவரைக்கும் இறக்கணும்.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

பொந்துக்குள் இறக்கினால் தூண்டில்தான் சிக்கும், மீன் சிக்காது. வெண்டெல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். அப்புறம்தான் கவனித்தான். மழையே இல்லை. ஆனால் அந்த ஆளின் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் தூண்டில் நரம்பைச் சுற்றும் ராட்டினம் முழுக்கத் துரு... சுற்றினால் கிறீச்சிட வேண்டும். சத்தமே இல்லை.

தொப்பிக்காரன் பழுப்பு வாலைப் பொந்துக்குள் இறக்கினான். தூண்டில் சிக்கியது. அதை விடுவிக்க, பாசி படிந்த கீழ்ப்பாறைக்கு இறங்கினான் அவன்.

‘சும்மா சொன்னேன், அறுத்து விட்டுட்டு மேல வா’ என்று கத்தியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பொய்யை ஒப்புக்கொள்ள வெட்கம்.

தொப்பிக்காரன் இன்னும் ஒரு கல் இறங்கினான்...

அலை வந்தது.

போனது.

கல் மட்டும் இருந்தது...

கடலோரக் காவல் படகு இருட்டும்வரை தேடியது. யாரும் கிடைக்கவில்லை. ஆளைக் காணோம் என்று எங்கிருந்தும் தகவலும் இல்லை.

மறுநாள், தூண்டில் கடைக்குப் போய், கடைக்காரி லொரேனிடம் நடந்ததைச் சொன்னான். ஆரஞ்சுத் தொப்பி என்றதும் அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“போன வருஷம் நவம்பர்ல அங்க ஒரு வெளியூர்க்காரர அலை அடிச்சிட்டுப் போச்சே, அவரு போட்டிருந்த தொப்பி அது. உடம்புகூடக் கிடைக்கல. கரையில விட்டுட்டுப் போன பையில பழுப்பு நண்டு வால் பாக்கெட்டு, பிரிச்சபடி இருந்துச்சு.”

வெண்டெலுக்கு அந்தச் சாவு நினைவிருந்தது. விவரம் தெரியாத ஆள் என்று அன்று ஊரோடு சேர்ந்து அவனும் சொன்னான்.

“அதை அங்க போய் யாரு போடச் சொன்னாங்க?”

லொரேன் அவனையே பார்த்தாள்.

“நீதான், வெண்டெல். இதே இடத்துல நின்னு சொன்ன. ‘நிஜமாவா’ன்னு கேட்டாரு. ‘நிஜமாத்தான்’னு சொன்ன. நானும்தான் கூடச் சிரிச்சேன்... அப்புறம் உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.”

எவ்வளவு யோசித்தும் அன்றைய முகம் வெண்டெலுக்கு நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ பேரிடம் சொன்ன பொய் அது.

செத்த மனிதன் திரும்பி வந்து, அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டிருக்கிறான். வெண்டெல் இன்னொரு தடவையும் அதே பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டான்.