பூட்டில்லாத மஞ்சள் சைக்கிள்கள்

என் சித்தி பல்கலைக்கழக விடுதியைக் கூட்டித் துடைக்கிறவள். படிப்பு முடிந்து போகிறவர்கள் எதை விட்டுப் போனாலும் கண்டுகொள்ள மாட்டாள், சைக்கிளைத் தவிர. படிக்கட்டுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளைப் பார்த்தால், பசியோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்த மாதிரி முகம் வாடிவிடும். என்னை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

அவற்றையெல்லாம் கேட்டு வாங்கினாள். இரண்டு பேருமாகப் பஞ்சர் ஒட்டி, செயின் மாற்றி, மஞ்சள் பெயின்ட் அடித்தோம். பாதி பெயின்ட் என் தலையில். வளாகத்துக்குள் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், சாயங்காலம் விடுதி வாசல் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பூட்டு கிடையாது. "பூட்டுனா ஒருத்தருக்குச் சொந்தமாயிடும்" என்பாள்.

வளாக அதிகாரிக்கு இதில் துளி நம்பிக்கையும் இல்லை. "ஒரு வாரம் பார்ப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டிங்க ஸ்டாண்டுல இல்லைன்னா, மிச்சமிருக்குறதெல்லாம் பழைய இரும்புக்குப் போயிடும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டாண்டில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது. யாரோ அப்போதுதான் விட்டுப் போயிருந்தார்கள்.

சித்தி என்னைப் பார்த்தாள். எது காணாமல் போனாலும் முதல் பார்வை எனக்குத்தான்.

"வாலு, விளையாடாதடி. எங்க ஒளிச்சு வெச்சே?"

"சத்தியமா நான் இல்ல சித்தி. நானா இருந்தா அந்த ஒண்ணை மட்டும் விட்டுவெச்சிருப்பேனா?"

அவள் சிரிக்கவில்லை. ஓடினேன். நூலகம், கேன்டீன், விளையாட்டுத் திடல், எங்கேயும் மஞ்சள் இல்லை. கடைசியில் பின் கேட் காவலறைக்குப் பின்னால் மொத்தமும் நின்றது, ஒரே தடிச் சங்கிலிக்குள். பக்கத்தில் பின் கேட் வாட்ச்மேன், அதாவது என் சித்தப்பா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூட்டாத சைக்கிளைக் கண்டால் இழுத்து வந்து சங்கிலி மாட்டுவது இங்கே வாட்ச்மேன்களுக்குப் பழகிப்போன வேலை.

"என்ன சித்தப்பா இது!"

"பின்ன? பூட்டே இல்லாம அங்கங்க கிடக்குது. ஒண்ணு தொலைஞ்சாலும் உங்க சித்தி தாங்குவாளா? மத்தியானத்துலேர்ந்து உருட்டுறேன்."

"நல்லா வேட்டு வெச்சீங்க! இன்னைக்குச் சாயங்காலம் வண்டிங்க ஸ்டாண்டுல இல்லைன்னா எல்லாம் இரும்புக்கடைக்குன்னு அதிகாரி சொல்லியிருக்கார். சீக்கிரம் திறங்க!"

விஷயம் புரிந்ததும் பதறி எழுந்தார். அவசரத்தில் சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. நான் திரும்பி ஓடினேன்.

அதிகாரி வந்துவிட்டிருந்தார். "சொன்னேன்ல? பசங்க சுருட்டிட்டாங்க."

சித்தியின் காதில் விஷயத்தைப் போட்டேன். சொன்னால் சித்தப்பா வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் திருட்டுப் பட்டம், சைக்கிளுக்கு இரும்புக்கடை. என்னிடம் மூன்று பொய் தயாராக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"யாரும் திருடலை சார். என் வீட்டுக்காரர்தான் பத்திரமா இருக்கட்டும்னு பூட்டி வெச்சிருக்கார். பின் கேட்டுல."

"கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்."

பின் கேட் வளாகத்தின் அந்தக் கோடியில். ஸ்டாண்டில் நின்றிருந்த ஒற்றைச் சைக்கிளை அதிகாரி பார்த்தார். ஏறி மிதித்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

சங்கிலி அவிழ்ந்து கிடந்தது. அதிகாரி வரிசையை ஒருமுறை பார்த்தார், சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார்.

"அடுத்த மாசம் வரைக்கும் ஓடட்டும். அந்தச் சங்கிலியை மட்டும் காலையில என் ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க."

சொல்லிவிட்டு, வந்த சைக்கிளிலேயே போய்விட்டார்.

சித்தப்பா என் காதருகே குனிந்தார். "வாலு, பின்னாடியே போய் எங்க நிறுத்துறார்னு பார்த்துட்டு வா."

"யாரும் போக வேண்டாம்" என்றாள் சித்தி. ஆனால் மஞ்சள் மறையும்வரை அந்தப் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.