கொள்ளுக்கல்லில் ஒரு பிடி

சென்ற வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது இது. இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே வருபவர்களை வரவேற்று அறை கொடுப்பது என் வேலை. வேலையில் எனக்கு நல்ல பெயர்தான். ஒரே குறை, யார் வந்தாலும் எதற்கு வந்தார் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அன்று எண்பதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர் தனியாக வந்து இறங்கினார். பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக, குதிரைக் கொட்டில் எங்கே இருந்தது என்று கேட்டார். இப்போது அங்கே துணி துவைக்கும் மெஷின் ஓடுகிறது என்றேன். போய் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்குமா? தேநீரோடு பின்னாலேயே போனேன்.

விஷயம் இதுதான். அவருடைய தாயார் இந்தப் பங்களாவில் பிறந்தவர், அந்தக் காலத்துத் துரையின் கடைசி மகள். தாயாரின் அண்ணன் இந்த மலைகளில்தான் குதிரை ஏறிப் பழகியிருக்கிறான். முதலாம் உலக யுத்தம் வந்ததும், மீசைகூடச் சரியாக முளைக்காத வயதில் குதிரைப்படையில் சேர்ந்து கப்பலேறிவிட்டான். திரும்பி வரவில்லை. குடும்பமும் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போய்விட்டது. அவன் இங்கே விட்டுப்போன பெண் குதிரையை விற்றுவிட்டதாகத் தகப்பன் சொன்னாராம். சின்ன மகள் நம்பவில்லை. விற்க மாட்டோம் என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தோமே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். "அம்மாவுக்காக அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார் பெரியவர்.

நூறு வருடத்துக்கு முந்திய குதிரையை நான் எங்கே போய்த் தேட? ஆனாலும், அந்தப் பையன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகள் அவர் கையில் இருந்தன. கேட்டு வாங்கிப் படித்தேன். எங்கள் ஆட்களைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறானா என்று பார்க்கத்தான் ஆசை. பீரங்கி, குண்டு பற்றியெல்லாம் பையன் அதிகம் எழுதவில்லை. சேற்றைத் திட்டியிருந்தான். இந்தச் சேற்றுக்கு நம் தோட்டத்து அட்டைக்கடியே தேவலாம் என்று கிண்டலடித்திருந்தான். தங்கைக்குத் தனியாக ஒரு வரி. ஆனால் எந்தக் கடிதமும் கடைசியில் குதிரையிடம்தான் வந்து நின்றது. ஒன்றில் எழுதியிருந்தான்: கொட்டிலில் வைத்தால் அவள் தின்ன மாட்டாள். ஓடைக்கு மேலே இருக்கும் தட்டைப் பாறைதான் அவளுக்கு வேண்டும். ஊறவைத்த கொள்ளை அங்கேயே வைக்கும்படி குதிரைக்காரரிடம் சொல்லுங்கள். நான் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

அந்த வரிகளை மறுபடியும் படித்தேன்.

என் அம்மா இதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறார். ஓடைக்கு மேலே உள்ள மலைக்குப் போகும் நாளில், கொழுந்தில் கை வைப்பதற்கு முன் அங்குள்ள பாறையில் ஒரு பிடி ஊறவைத்த கொள்ளு வைப்பார்கள். கற்பூரம் இல்லை, பூ இல்லை. வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நாங்கள் அதைக் கொள்ளுக்கல் என்போம். சாமான் விலையெல்லாம் ஏறிக் கிடந்த சமயத்தில், "நமக்கே இல்ல, கல்லுக்கு எதுக்கும்மா?" என்று நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அம்மா காதிலேயே வாங்கவில்லை.

பெரியவர் மறுநாள் கிளம்புவதாக இருந்தார். அந்த மலையில் கொழுந்தெடுக்கும் முறை அதற்கு அடுத்த நாள். பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. நான் நினைத்தது தப்பாகிப்போனால் அந்த மனுஷன் நொந்துபோவாரே என்று பயம்.

குறித்த நாளில் அவரை மெல்ல மெல்ல மேலே கூட்டிப் போனேன். அம்மா மடியிலிருந்த துணியை அவிழ்த்துக் கொள்ளைப் பாறையில் வைத்தார். பெரியவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். இது யாருக்கு என்று அங்கிருந்தவர்களையே கேட்டேன்.

"முனிக்குத்தான்" என்றார் ஒரு அக்கா.

"முனி கொள்ளா திங்கும்? பன்னி எறங்காம இருக்க வைக்கிறது" என்றார் இன்னொருவர்.

"அட்ட கடிக்காம இருக்கத்தான்" என்று கங்காணி சொல்ல, காலில் அட்டையோடு நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

நான் கடிதத்தை எடுத்துத் தமிழில் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் குதிரையை விற்கவில்லையா என்று பெரியவர் கேட்டார். அம்மாவிடம் கேட்டேன்.

"வித்திருந்தா யாருக்குங்க கொள்ளு வச்சிருப்பாங்க? அது இங்கயேதான் இருந்திருக்குங்க, தொர."

நான் மொழிபெயர்த்ததும் அவர் பாறை ஓரத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எங்களுக்கும் கண் கலங்கியது. கங்காணிகூட யாரையும் விரட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கொள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா இனி வரப்போவதில்லை, இவர்கள் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்" என்றார்.

சொன்னேன். அம்மா கூடையை மாட்டிக்கொண்டே, "வர்ற வரைக்கும்னுதானே சொல்லியிருக்காரு. அவரு இன்னும் வரலையே" என்றார். பிறகு தன் தேயிலை நிரைக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த மலைக்கு முறை வந்தால் முந்தின நாளே கொள்ளை ஊறப்போடுவது நான்தான். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் காரணமே தெரியாமல், ஒரு பிடி குறையாமல், இத்தனை காலம் வைத்துக்கொண்டே வந்தார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.